சொரிமுத்துவிடம் யாரும் சொல்லவில்லை

2018 ஏப்ரல் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, இருபத்திரண்டு கட்டில்கள் போட்டிருந்த ஆண்கள் புற்றுநோய் வார்டின் ஒன்பதாம் கட்டிலில், மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் சொரிமுத்து இறந்துபோனார். அவர் மனைவி முப்பிடாதி அப்போது ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்கு டீ வாங்கப் போயிருந்தாள். அவள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தபோது சொரிமுத்து எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். டீ வாங்க இம்புட்டு நேரமா என்று கேட்டார். அவள் ஆற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

நாடி பார்த்துவிட்டு இ.சி.ஜி. மெஷினை எடுத்துவரப் போயிருந்த பயிற்சி மருத்துவர், அதைத் தள்ளிக்கொண்டு வந்து, டம்ளரோடு உட்கார்ந்திருந்த மனிதரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நேர்கோடாக வந்த காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் எப்போதும் சொல்வதைத்தான் முப்பிடாதியிடம் சொன்னார்: "கொஞ்சம் வராந்தாவுக்கு வாங்க."

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் கிடையாது. கூட வந்தவரைத்தான் வராந்தாவுக்குக் கூப்பிடுவார்கள். மருத்துவர் கம்பிக்கிராதியைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொல்வார். கேட்டவர் வராந்தாக் கோடியிலிருக்கும் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, மாத்திரையை மாத்தி எழுதியிருக்காவ" என்பார். கேன்சர் வார்டு என்று வெளியே பெரிய எழுத்தில் போர்டு இருந்தும், உள்ளே படுத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குடல் புண்ணும், சதைவீக்கமும், உள்காய்ச்சலும்தான். சொரிமுத்துவுக்கு ஈரலில் வந்து முற்றியிருந்தது. அவருக்குச் சொன்னது மஞ்சள்காமாலை.

ஆகவே அவர் இறந்தும் டீ குடித்ததில் வார்டுக்குப் பெரிய குழப்பம் எதுவும் வரவில்லை. என்ன நோய் என்றே அவரிடம் யாரும் சொல்லவில்லை; பிறகு இறந்துபோனது மட்டும் அவருக்கு எப்படித் தெரியும்? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில் இந்த விளக்கத்தைச் சொன்னவர் ராஜகனி சிஸ்டர். ஒன்பதாம் கட்டிலுக்குரிய மாத்திரைகளை அவர் அன்று மாலையும் கொடுத்தார். ஸ்டோரிலிருந்து எண்ணி வந்ததைத் திருப்பி அனுப்புவது பெரிய வேலை.

அந்த வார்டில் கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சிக்காக வந்திருந்தவள் ஹெப்சிபா. இரண்டாம் ஆண்டு. உடல்நோய்க்காரர்களோடும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களோடும் பேசிப் பழக வேண்டும் என்று கல்லூரி அனுப்பியிருந்தது. வார்டில் அவளைக் கவுன்சிலிங் பிள்ளை என்றார்கள். ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தால் டாக்டரம்மா என்றார்கள். வந்த புதிதில் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். பிறகு அழுகை நின்றது, அதன் பின்னால் பசி நின்றது, பின்பு எந்த உணர்ச்சியும் வரவுமில்லை போகவுமில்லை. ஆட்கள் சாகும்போது அவள் மின்விசிறியின் சுற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொரிமுத்து எழுந்து உட்கார்ந்ததையும் அப்படித்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை அவளுடைய மேற்பார்வையாளர் விமலாதித்தன் போனில் கேட்டார்.

"சொல்லுங்க ஹெப்சிபா, எந்த கேஸ்?"

"ஒன்பதாம் கட்டில் சார். குடும்பம் நோயை மறைக்குது."

"நோயாளி இப்ப எப்படி இருக்கார்?"

"இறந்துட்டார் சார்."

"அப்ப அந்தம்மாவோட துக்கத்தைப் பாருங்க."

"அவர் டீ குடிக்கிறார் சார்."

போனில் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்படின்னா இது இன்னும் மறைக்கிற கேஸ்தான். மொதல்ல மனைவிக்கு என்ன தெரியும்னு கேளுங்க. அப்புறம் அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு கேளுங்க. வரிசையை மாத்தாதீங்க. உங்க மனசுல என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடல சார்."

"அதையும் குறிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

மே மாதம் பிறந்தது. வார்டில் இருந்த ஏழு மின்விசிறிகளில் மூன்றுதான் சுற்றின. சொரிமுத்துவின் உடம்பு மண்பானையைப் போலக் குளிர்ந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் பத்தாம் கட்டிலுக்குத் துணையிருந்த காசிம் பாய். அவர் தன் தண்ணீர் பாட்டிலை, அண்ணாச்சி தப்பா நினைக்கப்படாது என்று சொல்லி, சொரிமுத்துவின் விலாவோரம் சாய்த்து வைத்தார். அரைமணி கழித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "சுப்ஹானல்லா" என்றார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு கட்டில்களின் பாட்டில்களும் அங்கே வந்தன. காலடியில் அடுக்கினார்கள், கக்கத்தில் இடுக்கினார்கள். அடுத்த கட்டடத்துக் குழந்தைகள் வார்டிலிருந்து காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கி வந்து அவர் மடியில் கிடத்தினார்கள். மஞ்சள்காமாலைக்கு உடம்பு குளிரத்தான் செய்யும் என்று சொரிமுத்துவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு மோட்டார் சுற்றுவது எப்படி என்று விளக்கினார். கொசு அவரைக் கடிக்கவில்லை. அவர் பங்கையும் சேர்த்து எட்டாம் கட்டிலையும் பத்தாம் கட்டிலையும் கடித்தது. வெளியில் கிடந்த தெர்மாமீட்டர் அவர் குளிர்ச்சியைக் காட்டாமல் வார்டின் சூட்டையே காட்டியதால், வெயில் ஏறிய நாட்களில் ராஜகனி சிஸ்டர் காய்ச்சல் என்று எழுதிப் பாராசிட்டமால் கொடுத்தார். ஆஸ்பத்திரித் தலைவர் ஒருநாள் பரிவாரத்தோடு வந்து, ஒன்பதாம் கட்டிலின் முன் நின்று, நீண்ட நேரம் யோசித்து, பெட்ஷீட் அழுக்காயிருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றக் குடும்பங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. நோயாளிகளிடம் சொல்லாவிட்டால் அவர்கள் செத்துப்போகமாட்டார்கள் என்று வார்டு முடிவுக்கு வந்தது. முன்பு நோயின் பெயரை மட்டும் மறைத்தவர்கள் இப்போது வார்டின் பெயரையும் மறைத்தார்கள். வெளியிலிருந்த போர்டின் மேல் யாரோ சாக்குப்படுதாவைத் தொங்கவிட்டார்கள். பார்க்க வரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்தி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். இருந்தும் நான்காம் கட்டில்காரர் போனார், பதினேழாம் கட்டில்காரர் போனார். அவர்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள் என்றார்கள். எல்லோரும் ஹெப்சிபாவை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

முப்பிடாதிக்கு இதெல்லாம் போதாதென்று ஒரு கால் இருந்தது. இடது கால். பத்து வருஷத்துச் சர்க்கரை. மார்ச் மாதம் கேண்டீன் போகும் வழியில் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. செருப்புக்குள் ஈரமாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெருவிரல் கறுத்திருந்தது. ஏப்ரல் கடைசியில் காட்டியபோது அறுவைப் பிரிவு மருத்துவர் உடனே சேர வேண்டும் என்றார். இப்போது வந்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் கால், அதையும் தள்ளிப்போட்டால் உயிர் என்றார். இதை அவர் முப்பிடாதியிடம் சொல்லவில்லை. அவளோடு வந்தவர் யார் என்று பார்த்தார், ஹெப்சிபா நின்றாள், அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஹெப்சிபா அதை முப்பிடாதியிடம் சொன்னாள், விரல் என்பது வரைக்கும்.

"சேரலாம் பிள்ளே, சேராம என்ன," என்றாள் முப்பிடாதி. "அவியளை யாரு பாப்பா? நான் ரெண்டு நாளு கண்ணுல படலேன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாவ. கேக்க ஆரம்பிச்சா ஒவ்வொண்ணா கேப்பாவ."

"அண்ணாச்சிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" வரிசைப்படி முதல் கேள்வி.

முப்பிடாதி கட்டிலின் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "டீயைக் கையில குடுக்கும்போதே தெரிஞ்சுது. விரலு ஜில்லுன்னு இருந்துச்சு. செத்த மனுசன் டீ கேக்காரு, இல்லேன்னா சொல்ல முடியும்? அவியளுக்குத் தெரியாது பாவம். தெரிஞ்சா அந்த நிமிசமே போயிருவாவ. நீ சொல்லிராத, என்ன? உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு சிஸ்டர் சொன்னாவ."

"போகாது," என்றாள் ஹெப்சிபா.

முப்பிடாதி காலுக்குக் கட்டுப் போடப் போயிருந்த ஒரு காலையில், வரிசைப்படி இரண்டாம் கேள்வியைக் கேட்க ஹெப்சிபா ஒன்பதாம் கட்டிலுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இத்தனை வாரங்களில் அவரிடம் நேராக அவள் எதுவும் கேட்டதில்லை. வார்டில் வேறு யாரும் கேட்டதில்லை. அவர் கக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, குடிங்கம்மா, நல்லா குளுந்திருக்கு என்று நீட்டினார்.

"அண்ணாச்சி, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"ஈரல்ல கேன்சரு," என்றார் சொரிமுத்து. "அவளை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாவ. போம்போது காஞ்ச மூஞ்சி, வரும்போது ஈர மூஞ்சி. மஞ்சள்காமாலைக்கு யாரு மூஞ்சி கழுவுவா? நான் காயிலு கட்டுறவன், எங்க கருகியிருக்குன்னு மோந்து பாத்தே சொல்லிருவேன்."

ஹெப்சிபா அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே தொடர்ந்தார்.

"செத்ததும் தெரியும்மா. மோட்டாரு நிக்கிற மாரிதான், ஒரு சின்ன உறுமல், அப்புறம் சத்தமில்ல. அவ டீ வாங்கப் போயிருந்தா. வந்து பாத்தா அந்த நொண்டிக் காலோட மடேர்னு விழுந்துருவாளேன்னு எந்திரிச்சு உக்காந்தேன். உக்காந்தது உக்காந்ததுதான், பொறவு படுக்க நேரமே வாய்க்கல. அவளுக்குத் தெரியாது. நீங்க சொல்லிராதீய."

"சொல்லமாட்டேன்," என்றாள் ஹெப்சிபா.

அடுத்த சனிக்கிழமை விமலாதித்தன், இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள், ஒருவர் ரகசியத்தை நீங்கள் மற்றவரிடம் உடைக்கக்கூடாது, அவர்கள் வாயாலேயே வர வேண்டும் என்றார். அந்தம்மாவின் கால் கறுத்துக்கொண்டு வருகிறது சார் என்றாள் ஹெப்சிபா. அதனால்தான் சீக்கிரம் பேசுங்கள் என்றார் அவர்.

அவர்கள் மூவரும் ஒன்பதாம் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்ல விரும்பியது ஏதாவது இருக்கிறதா என்று ஹெப்சிபா கேட்டாள். சொரிமுத்து, கேண்டீன் டீயில் இப்போது இஞ்சி போடுவதில்லை என்றார். முப்பிடாதி, வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்றாள். பிறகு அவரும் அவளும், மற்றவர் பார்க்காத நேரம் பார்த்து, ஹெப்சிபாவை நோக்கித் தலையை லேசாக இடமும் வலமும் அசைத்தார்கள். சொன்னால் அவர் அப்படியே சரிந்துவிடுவார், சரிந்த சத்தம் தன் வாயிலிருந்து வந்ததாக இருக்கும் என்று ஹெப்சிபாவுக்குப் பட்டது. அது பயம் என்று அவளுக்குத் தெரியும்; புத்தகத்தில் வரும் ஒரு சொல் மாதிரி தெரியும். அவள் இருவருக்கும் நன்றி சொல்லி எழுந்தாள்.

அதன் பிறகு விரலிலிருந்து கறுப்பு பாதத்துக்கு ஏறியது, பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. முப்பிடாதி அதன்மேல் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, காலையும் மாலையும் டீ வாங்கப் போய்வந்தாள். வாடை வந்தது. வார்டில் எல்லோரும் சொரிமுத்து இருக்கும் பக்கம் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள், பிறகு வாடை அவரிடமிருந்து இல்லை என்று கண்டு கையை எடுத்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் டீ வரவில்லை. முப்பிடாதி கட்டிலடியில் பாயில் கிடந்தாள், உடம்பு கொதித்தது, கூப்பிட்டால் ம் என்றாள். சொரிமுத்து கக்கத்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். இறந்த பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கியது அன்றுதான். பாயில் அவள் பக்கத்தில் படுத்து, அவள் நெற்றியைத் தன் கழுத்தோடு அணைத்து, குளிர்ச்சியை அவளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அது போதவில்லை. அப்படியே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அறுவைப் பிரிவுக்கு நடந்தார். காசிம் பாய் முன்னால் ஓடிக் கதவுகளைத் திறந்தார். ஹெப்சிபா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். எதற்கு எடுத்தாள் என்று தெரியவில்லை.

பெண்கள் அறுவை வார்டின் வாசலில் இருந்த காவல்காரம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். "பொம்பளைங்க வார்டு. ஆம்பளை துணைக்கு இருக்கப்படாது."

"அவரு செத்தவரு," என்றார் காசிம் பாய்.

காவல்காரம்மா சொரிமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப சரி, போகட்டும்," என்று கையை எடுத்துக்கொண்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மறுநாள் மதியம், முப்பிடாதி பாதி மயக்கத்தில் கிடக்கும்போது, அறுவை மருத்துவர் வந்து, கூட இருப்பது யார் என்று கேட்டு, சொரிமுத்துவைப் பார்த்து, "கொஞ்சம் வராந்தாவுக்கு வாங்க" என்றார். சொரிமுத்துவை யாரும் வராந்தாவுக்குக் கூப்பிடுவது அதுவே முதல் தடவை. அவர் போனார். திரும்பி வரும்போது அவர் முகம் ஈரமாக இருந்தது, காதோரம் தண்ணீர் சொட்டியது.

"அவகிட்ட கால் போனதைச் சொல்லிராதீய," என்று ஹெப்சிபாவின் காதருகே சொன்னார். "போர்வையை இழுத்து விட்டுருக்கேன். தேறட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

முப்பிடாதி கண்ணைத் திறந்திருந்தாள். அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிபா ஸ்டூலை எடுத்து முப்பிடாதியின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். வரிசை எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை. குரலைத் தணிக்கவும் இல்லை.

"உங்க இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க," என்றாள். "ஏப்ரல்லயே சேர்ந்திருந்தா விரலோட போயிருக்கும். அதை நான் உங்ககிட்ட முழுசா சொல்லல. அண்ணாச்சி இறந்துட்டாங்க. அது உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெண் உரிப்பதை நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமாட்டி?" என்றார் சொரிமுத்து.

"அன்னைக்கே தெரியும்."

"பொறவு என்ன மயித்துக்கு அந்தக் காலை வச்சிக்கிட்டு தினமும் டீ வாங்கப் போன?"

"நீங்க குடிச்சியளே," என்றாள் முப்பிடாதி. "செத்தவிய செத்தவியளா இருக்கணும். எந்திரிச்சு உக்காந்தா நான் என்னன்னு நினைக்க?"

"நீ விழுந்துருவன்னு நினைச்சேன்."

"விழுந்தா எந்திரிப்பேன். இப்ப எந்திரிக்கதுக்கும் கால் இல்ல."

சொரிமுத்து சிரிக்கப் பார்த்தார். கால் வலிக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லாத பாதம் அரிக்கிறது என்றாள் அவள். எந்த இடம் என்று கேட்டு, போர்வையில் பாதம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் அவர் சொறிந்துவிட்டார். அந்தப் பக்கம் இல்லை, உள்பக்கம் என்றாள். அங்கே சொறிந்தார். சரியாயிட்டு என்றாள்.

"அப்ப நான் கொஞ்சம் படுக்கேன்," என்றார் சொரிமுத்து.

"படுங்க."

துணைக்கு வருகிறவர்கள் படுக்கும் இடம் கட்டிலுக்கு அடியில்தான். அவர் பாயை விரித்து, துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுத்தார். முப்பிடாதி கையைக் கீழே தொங்கவிட்டு அவர் தோளைத் தொட்டபடி இருந்தாள். சாயங்காலம் கையை எடுத்துக்கொண்டு, சிஸ்டரைக் கூப்பிடு பிள்ளே என்றாள்.

எந்தத் தேதியைப் போடுவது என்று ஆஸ்பத்திரியில் சிறிது பேச்சு நடந்தது. ஏப்ரல் தேதியைப் போட்டால் இடையில் கொடுத்த மாத்திரைகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதால் ஜூன் தேதியைப் போட்டார்கள். ஹெப்சிபா அன்று விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டாள். ரசத்தில் உப்பே இல்லை என்று எதிரில் இருந்த பெண் சொன்னாள். அப்படியா என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். சனிக்கிழமை விமலாதித்தன், அவர்கள் வாயால் வரவிடாமல் நீங்களே சொன்னது முறையில்லை என்றார். ஆமாம் சார் என்றாள். மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். அந்தம்மாவுக்கு இல்லாத பாதம் அரிக்கிறது சார் என்றாள். நான் உங்கள் மனதைக் கேட்டேன் என்றார்.

புற்றுநோய் வார்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தார். தண்ணீர் பாட்டில்கள் மறுபடி சூடாயின. சிலர் ஹெப்சிபாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நோயாளிகள் மட்டும், துணைக்கு இருந்தவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்தாள். அவர்கள் கேட்டதைச் சொன்னாள். ஒருவர் அந்த வாரமே போனார். மற்றவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, போய், ஐப்பசி வரை இருந்தார்.

2019 ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முப்பிடாதிக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அளவு சற்றுப் பெரிதாக இருந்தது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.